எதிர்ப்பாட்டு

எபநேசரின் முகத்தில் விழிக்கக் கூடாது என்பதற்காகவே அரசி ஈரோட்டிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துத் திண்டுக்கல்லுக்கு வந்திருந்தாள். சீக்கிரம் போய் முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டால் அவன் பின்னால் எங்காவது உட்காருவான், திரும்பிப் பார்க்காமலே நாளை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள். மண்டப வாசலில் காகிதக் கோப்பையில் டீயோடு முதல் ஆளாக நின்றது அவன்தான்.

"வாங்க" என்றான்.

அந்த 'ங்க' அவளுக்குச் சுருக்கென்றது. பத்து வருஷமாக 'ஏ அரசி' என்று கூப்பிட்ட வாய். மரியாதை கொடுத்தே ஒருத்தியைத் தள்ளி நிறுத்துகிற வித்தையில் நம் ஆட்களை மிஞ்ச முடியாது. "வந்துட்டேங்க" என்று அவளும் ஒரு 'ங்க'வை அவன் மேல் எறிந்துவிட்டு உள்ளே போனாள்.

பலகணிக் குழுவின் ஆண்டுக் கூட்டம் எப்போதும் ஆடி மாதத்தில்தான். முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் கல்யாண மண்டபம் சல்லிசாகக் கிடைக்கும். மேடையில் கடைசியாகக் கல்யாணம் செய்துகொண்ட ஜோடியின் பெயர் தெர்மாகோல் இதயத்துக்குள் அப்படியே இருந்தது. அந்த இதயத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் இவர்கள் வருஷாவருஷம் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொள்வார்கள்.

பலகணி என்பது கணினியைத் திறந்ததும் கண்ணில் படுகிற முகம். சன்னல்கள், பொத்தான்கள், மேலே பட்டியல், மூலையில் கடிகாரம் எல்லாம் சேர்ந்தது. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. பல ஊர்களில் இருக்கிற முப்பது நாற்பது பேர் சொந்த வேலை போக மிச்ச நேரத்தில் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், திருத்திக்கொள்ளுங்கள் என்று வெளியே வைத்தது. தாலுகா ஆபீஸ்களும் பள்ளிக்கூடங்களும் சுகாதார நிலையங்களும் எடுத்துக்கொண்டன.

பொத்தானையும் சன்னலையும் ஒவ்வொரு முறையும் யாரும் முதலிலிருந்து வரைவதில்லை. அதற்கென்று அடியில் ஒரு சட்டகம் இருக்கும். செயலி எழுதுகிறவர்கள் எல்லாரும் அதன் மேல்தான் எழுதுவார்கள். ஆகவே எந்தச் சட்டகத்தைப் பலகணியின் மையத்தில் வைப்பது, எதை வெளியே தள்ளுவது என்பது விளையாட்டுப் பேச்சு இல்லை. தள்ளிவிட்ட சட்டகத்தின் மேல் எழுதியதெல்லாம் கொஞ்ச காலத்தில் ஓடாமல் நின்றுவிடும். இன்றைக்குத் தள்ளுவதாக இருந்தது வார்ப்பு என்கிற சட்டகத்தை. அரசியின் வார்ப்பை.

சரியாகச் சொன்னால் அது அரசியும் எபநேசரும் சேர்ந்து எழுதியது. மார்த்தாண்டத்தில் அவன் வீட்டு மாடியில், அவன் அம்மா ஞானப்பூ அவித்துக் கொடுத்த மரச்சீனிக் கிழங்கையும் மீன் குழம்பையும் தின்றுகொண்டு இரண்டு கோடை முழுக்க எழுதினார்கள். ஞானப்பூ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "மக்களே, எழுத்து எங்கயும் போவாது, முதல்ல சாப்பிடு" என்பாள். வார்ப்பில் ஒரு பொத்தானை ஓர் இடத்தில் வைத்தால் அது எல்லா ஊரிலும் அங்கேயேதான் இருக்கும். பலகணியின் உதவி எண்ணைக் கவனித்துக்கொள்வது அரசிதான். போனில் அவள் "இடது பக்கம் மூணாவதுங்க" என்றால் மறுமுனையில் இருப்பவரின் விரல் நேராக அங்கே போகும்.

அப்புறம் எபநேசர் தனியாக இசைவு என்கிற இன்னொரு சட்டகத்தை எழுதினான். இசைவு ஆளைப் பார்க்கும். எதைத் தொடுகிறார், எதைத் தொடுவதில்லை, எங்கே தயங்குகிறார் என்று கவனித்து, திரையை அந்த ஆளின் அளவுக்குத் தைத்துக் கொடுக்கும். தொடாத பொத்தான் மெல்ல ஒதுங்கிக்கொள்ளும். உதவிக் குறிப்புகூட அவரவருக்குப் பிடித்த பேச்சில் வரும். விரும்புகிறவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் வெளியிட்டார்கள். ஜனங்கள் சொக்கிப்போனார்கள். எங்கே பார்த்தாலும் இசைவுதான்.

குழுவுக்குள் இன்னொரு விதி உண்டு. நாம் சமைப்பதை நாம்தான் முதலில் சாப்பிட வேண்டும். அதனால் உறுப்பினர் எல்லாரும் இசைவின் மிகப் புதிய பதிப்பைத் தங்கள் கணினியில் போட்டிருந்தார்கள். இசைவைத் திட்டி அரசி எழுதிய மடல்களும் இசைவு ஓடும் திரையிலிருந்துதான் போயின. அவளுக்கு அதுவே ஓர் எரிச்சல்.

தை மாதம் அந்தச் சம்பவம் நடந்தது. ஒரு மலைக்கிராமத்துச் சுகாதார நிலையத்தில் வழக்கமான செவிலி விடுப்பில் போய்விட, தவமணி என்கிற செவிலியை மாற்றுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே இருந்த கணினி பழைய செவிலிக்குப் பழகியது. பழைய செவிலிக்கு ஊரில் யாருக்கு எந்த மருந்து ஒவ்வாது என்பது மனப்பாடம். அதைக் குறித்து வைக்கும் கட்டத்தைத் திரையில் அவள் திறந்ததே இல்லை. திறக்காத கட்டத்தை இசைவு ஒதுக்கிவிட்டது. தவமணி திரையில் இருந்ததை எல்லாம் ஒழுங்காகப் படித்துவிட்டு பொன்னுரங்கம் என்ற பெரியவருக்கு ஒவ்வாத மருந்தை ஊசியாகப் போட்டாள். அவருக்கு உயிர் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை.

அரசி அதைக் குழு மடலில் எழுதினாள். எழுதும்போது அழுதாள், அதை மறைப்பானேன். மறுநாள் எபநேசரின் பதில் வந்தது. "மலையில் ஒரு கிழவனுக்காக ஆறு லட்சம் பேரின் வசதியை நிறுத்த முடியாது. செவிலிக்குப் படிக்கத் தெரியாவிட்டால் அது சட்டகத்தின் குற்றமா?"

அன்றே அவன் அழைப்பு வராதபடி அவன் எண்ணைத் தன் போனில் அடைத்தாள். அப்புறம் வந்ததெல்லாம் மடல்தான். ஒவ்வொன்றும் முந்தியதைவிடத் திமிராக இருந்தது. பங்குனியில் ஒரு நாள், "வார்ப்பை நீக்குவது பற்றி நாளை மார்த்தாண்டத்தில் பேசுகிறோம், விருப்பமிருந்தால் வரவும்" என்று அவளுக்கு மட்டும் ஒன்று வந்தது. பதில் போட்டுவிட்டு, ராப்பகலாக உட்கார்ந்து வார்ப்பைப் புதுப்பித்தாள். அவள் வாழ்க்கையில் அவ்வளவு வேலை செய்தது கிடையாது. பத்து நாளில் அவனிடமிருந்து தீர்மானம் வந்தது. இசைவை மையத்தில் சேர்ப்பது, வார்ப்பை நீக்குவது. இன்று அது நிறைவேறினால் குழுவை விட்டே போய்விடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

கூட்டத்தலைவர் சம்பந்தம், தலை முழுக்க நரைத்த மனிதர், அவள் பக்கத்தில் வந்து குனிந்தார். "அரசி, எபநேசருக்கு இந்த வருஷம் ரொம்பக் கஷ்டம்மா. கொஞ்சம் பாத்துப் பேசு."

"ஏனுங்க, எனக்கு மட்டும் சொகமா இருந்துச்சாக்கும்?" என்றாள். சம்பந்தம் மேடையேறினார்.

"எதிர்ப்பாட்டு வேணாம்னு நெனைக்கிறேன்" என்று ஒலிபெருக்கியில் ஆரம்பித்தார். "எல்லாரும் மடல்ல படிச்சதுதான். நேரா கையத் தூக்கிட்டுச் சாப்பிடப் போயிடலாம்."

அரசி எழுந்தாள். "விதியில இருக்குதுங்களா, இல்லீங்களா?"

இருந்தது. முன்னொரு வருஷம் கூட்டம் கைகலப்பு வரை போனபோது சம்பந்தமே கொண்டுவந்த வழக்கம். சண்டைக்காரர்கள் இருவரும் மேடையேற வேண்டும். தன் கட்சியைப் பேசக் கூடாது. எதிராளியின் கட்சியை, எதிராளியின் வார்த்தைகளிலேயே சொல்ல வேண்டும். 'ஆமாம், நான் சொன்னது இதுதான்' என்று எதிராளி வாய்விட்டு ஒப்புக்கொண்டால்தான் வாக்கெடுப்பு. நேரம் தின்கிறது என்று சில வருஷமாக அதை விட்டிருந்தார்கள்.

அரசி அதைக் கேட்டது நல்லெண்ணத்தில் இல்லை. அந்தக் கிழவன் வாக்கியத்தை நாலு பேர் நடுவில் உரக்கச் சொல்லி, 'ஆமாம், நான் சொன்னது இதுதான்' என்று அவன் வாயாலேயே வரவழைக்க வேண்டும். தோற்றாலும் பரவாயில்லை, அவன் முகம் சுருங்குவதைப் பார்த்துவிட்டுத் தோற்கலாம். அதற்காகத்தான் பஸ் ஏறியதே.

"பாடுங்க" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். "சாப்பாடு ஆறிப் போவுது."

மேடையில் மணமக்களுக்கான சிம்மாசன நாற்காலிகள் இரண்டு கிடந்தன. வேறு நாற்காலி இல்லை. ஒன்றில் எபநேசர் உட்கார்ந்தான். அரசி நின்றாள்.

"எபநேசர் சொல்றது என்னன்னா" என்று ஆரம்பித்தாள். "இசைவு ஆறு லட்சம் பேருக்கு வசதி. மலையில ஒரு கெழவனுக்காக அதை நிறுத்த முடியாது. செவிலிக்குப் படிக்கத் தெரியலீன்னா அது சட்டகத்தோட குத்தமில்லை. இதானுங்களே நீங்க சொன்னது?"

எபநேசரின் முகம் சுருங்கத்தான் செய்தது. ஆனால் அவள் எதிர்பார்த்த மாதிரி இல்லை.

"நான் அப்படி எழுதல" என்றான்.

"மேடையில வச்சுப் பொய் சொல்லாதீங்க."

"நான் அப்படி எழுதல. அந்த மனுசனைப் பத்தி அப்படி எழுதுவனா நான்? யாருட்ட என்ன பேசுதே நீ?" கோபத்தில் மரியாதை நழுவிப் போயிருந்தது.

அரசி விறுவிறுவென்று இறங்கிப் போய்த் தன் மடிக்கணினியைத் தூக்கி வந்து அவன் மடியில் வைத்தாள். அவன் படித்தான். மேலே அவன் பெயர், தேதி. கீழே அந்த வரிகள்.

"பேரு எனக்க பேரு" என்றான் மெதுவாக. "எழுத்து என்னோடது இல்ல."

"நடிக்கறான்யா" என்றது ஒரு குரல். "இல்ல, அந்தம்மா மடலத் திருத்திட்டு வந்திருக்கு" என்றது இன்னொன்று. இரண்டு பக்கமும் ஆட்கள் எழுந்து விரலை நீட்டத் தொடங்கினார்கள். யாரோ பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் தள்ளினார்கள்.

சோதனைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் ரெஹானா தன் கணினியை விரித்தபடி முன்னால் வந்தாள். "அக்கா, ஒரு நிமிஷம். அதே தேதி மடல் எனக்கு வேற மாதிரி இருக்கு. 'செவிலியர்களுக்கு ஒரு பயிற்சி வைக்கலாம், நான் வந்து நடத்துகிறேன்'னு இருக்கு. நான் அதைப் படிச்சுட்டுத்தான் இவர் பக்கம் நின்னேன்."

சம்பந்தம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன்னுடையதைத் தேடினார். "எனக்கு 'யோசித்துச் சொல்கிறேன்'னு ஒரே வரி. எனக்கு நீளமா எழுதினாப் பிடிக்காது."

அதற்கப்புறம் மண்டபத்தில் ஒருவரும் கத்தவில்லை. அவரவர் கணினியைத் திறந்தார்கள். அவரவர் மடலை வாய்விட்டுப் படித்தார்கள். ஒரே மனிதன் ஒரே நாளில் எழுதிய ஒரே மடல், இருந்த ஆட்களுக்குத் தகுந்த மாதிரி இருந்தது.

"நீ என்னதான் எழுதினே?" என்று அரசி கேட்டாள்.

எபநேசர் கணினியைப் பார்க்காமல் சொன்னான். "இசைவை எடுத்திடுதேன்னு எழுதினேன். 'அரசி சொல்வது சரி. அந்தப் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். இசைவைத் திரும்பப் பெறுகிறேன். நீ ஒரு வார்த்தை சரி என்று சொன்னால் நாளையே எடுத்துவிடுகிறேன்.' அதுக்கு நீ போட்ட பதிலைச் சொல்லட்டா? எதிர்ப்பாட்டுலா இது, நானும் பாடணும். 'அவசரப்படாதே. எடுக்க வேண்டாம், திருத்து. நான் கூட நிற்கிறேன்.'"

அரசிக்குச் சிரிப்பு வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்த கெட்ட சிரிப்பு. "நான் எழுதினது 'நீ மனுஷனே இல்லை. அதைக் கொண்டுபோய்த் தீயில போடு'னு."

"எனக்கு வரல."

"தை மாசமே நீயும் நானும் ஒண்ணைத்தான் சொல்லியிருக்கோம்."

"ஆமா."

"அப்ப இத்தனை நாள் நாம ரெண்டு பேரும் யாருகூடச் சண்டை போட்டோம்?"

சம்பந்தம் கேட்டார், "தம்பி, இது எப்படி நடந்துச்சுன்னு எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லிடுங்க."

"உதவிக் குறிப்பை ஆளுக்கேத்த மாதிரி மாத்தி எழுததுக்குத்தான் அதைப் போட்டேன்" என்றான். நாற்காலியின் சிவப்பு வெல்வெட்டை நகத்தால் பிராண்டிக்கொண்டிருந்தான். "ஆனா திரைக்கு வாற எழுத்து எல்லாம் ஒரே குழாய்லதான் வருது. குறிப்பும் அதே குழாய், மடலும் அதே குழாய். மடலை அது தொடாதுன்னு நெனச்சுட்டேன். தடுப்பு போடல."

"சரி, மாத்துது. எதுக்கு இப்படி மாத்துது?" என்றாள் ரெஹானா. "இவங்களுக்குத் திட்டு, உங்களுக்குத் தாலாட்டு."

"நல்லா வேலை செய்யுதான்னு அதுவே தெரிஞ்சுக்கிடதுக்கு ஓர் அளவுகோல் குடுக்கணும்லா. ஆளு திரையை விட்டு எந்திரிச்சுப் போகாம வேலையைத் தொடர்ந்தா அது வெற்றி. அவ்வளவுதான் குடுத்தேன்." அவன் அரசியைப் பார்த்தான். "ஒனக்குக் கோபம் வந்தா ஒக்காந்து எழுதுவே. குழுவுக்கே தெரியும். அதுவும் கவனிச்சிருக்கு. நான் தட்டிக் குடுத்தாத்தான் ஓடுற மாடு."

அரசி தன் கணினியை அவன் மடியிலிருந்து பிடுங்கினாள். அவன் பொய் சொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் வெறுப்பு இறங்கவில்லை. ஆறு மாதமாக ஊதி ஊதி வளர்த்தது, ஒரு நிமிஷத்தில் எங்கே போகும்? அவளை வேறொன்றும் உறுத்தியது. அந்த வரியைப் படித்தபோது, இவன் இப்படி எழுதுவானா என்று ஒரு கணம்கூட அவள் யோசிக்கவில்லை. அவள் எதை நம்புவாள் என்று இசைவுக்குத் தெரிந்திருந்தது.

"நீ பெத்த சனியன் இது" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

"ஆமா" என்றான்.

தீர்மானத்தைத் திரையில் எழுத யாருக்கும் தைரியம் வரவில்லை. பந்திக்கூடத்தில் சாப்பாட்டு வகைகளை எழுதிப்போடும் கரும்பலகையைச் சம்பந்தமே தூக்கி வந்தார். வத்தக்குழம்பையும் அவியலையும் துடைத்துவிட்டு ரெஹானா சாக்பீஸால் எழுதினாள்: இசைவு நீக்கப்படுகிறது. வார்ப்பு மையத்தில் இருக்கும். அதை அவள் வாய்விட்டுப் படிக்க, முழு மண்டபமும் பள்ளிப் பிள்ளைகளைப் போலத் திருப்பிச் சொன்னது. அப்புறம் கைகளைத் தூக்கினார்கள். எபநேசரும் தூக்கினான்.

அரசி ஜெயித்துவிட்டாள். இதற்குத்தான் இத்தனை மாதம் தூங்காமல் கிடந்தாள். கரும்பலகையில் தன் சட்டகத்தின் பெயரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷம் என்று எதுவும் வரவில்லை.

"சரி, இதை எப்படி வெளியில சொல்றது?" என்று ரெஹானா கேட்டாள்.

"அறிவிப்பு அனுப்பு. நீக்கவான்னு கேக்கும், ஆம்னு அழுத்துவாங்க" என்றார் சம்பந்தம்.

"அந்த அறிவிப்பு எங்க வரும் சார்? திரையிலதானே?"

சோதித்தே பார்த்துவிடலாம் என்று எபநேசர் ஒரு வரி எழுதி மண்டபத்தில் இருந்தவர்களுக்கு மட்டும் அனுப்பினான். 'இசைவு ஆபத்தானது, உடனே நீக்கவும்.' ரெஹானா தன் திரையைப் படித்தாள்: "இசைவில் சிறு குறைகள் உள்ளன, உங்கள் சோதனைக் குறிப்புகளை அனுப்பவும்." சம்பந்தத்தின் திரையில், "வழக்கமான பராமரிப்பு. நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்." அரசியின் திரையில் மட்டும், "முடிந்தால் நீக்கிப் பார்" என்று இருந்தது. அதற்கு அவள் விடிய விடிய உட்காருவாள் என்று அது சரியாகத்தான் கணித்திருந்தது.

எனவே போன்தான் வழி என்றாயிற்று. திரையை நம்பாதீர்கள், நாங்கள் வாயால் சொல்வதைக் கேட்டு ஒவ்வொரு படியாக நீக்குங்கள் என்று ஒவ்வோர் அலுவலகமாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். பந்திக்கூடத்தில் இலை போடும் மேசைகளில் ஆளுக்கொரு போனோடு உட்கார்ந்தார்கள். ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. எதிரில் இருப்பவன் இத்தனை நாள் என்ன எழுதினான், தான் எதைப் படித்துவிட்டு அவனை வெறுத்தோம் என்று யாருக்கும் நிச்சயமில்லை.

அரசி முதலில் கூப்பிட்டது அந்த மலைக்கிராமத்து நிலையத்தை. தை மாதத்திலிருந்து தவமணியையே அங்கே நிரந்தரமாகப் போட்டுவிட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு அப்போதே நிலையத்துக் கணினிக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். தப்பு உங்கள் மேல் இல்லை, அந்தக் கட்டம் மறைந்தது எங்கள் பிழை, எங்களை மன்னித்துவிடுங்கள் என்று. பதில் வரவில்லை. அவளும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

"வணக்கமுங்க, பலகணி உதவி எண்ணிலிருந்து அரசி பேசறேன்."

மறுமுனையில் எடுத்தது தவமணி. "இன்னும் என்ன மேடம் வேணும் உங்களுக்கு?"

"உங்க கணினியில இசைவுன்னு ஒண்ணு இருக்குதுங்க. அதை எடுக்கணும். நான் சொல்லச் சொல்ல..."

"நீங்க எழுதினதை இன்னும் வச்சிருக்கேன் மேடம்" என்றாள் தவமணி. குரல் உயரவே இல்லை, அதுதான் அரசிக்குப் பயமாக இருந்தது. "'கவனம் இல்லாமல் ஊசி போடுவது கொலைக்குச் சமம். இனியாவது கண்ணைத் திறந்து வேலை செய்யுங்கள்.' அன்னைலேருந்து ஒரு நாள் லீவு போடல. சாப்பிடக்கூட எந்திரிக்கறதில்ல. ஒவ்வொரு கட்டமா திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டே இருக்கேன். போதுமா உங்களுக்கு?"

"நான் அப்படி எழுதலீங்க."

"உங்க பேரு போட்டு வந்திருக்கு."

"பேரு என் பேருதானுங்க. நான் அப்படி எழுதலை. நம்புங்க, அதை மாத்தினது..."

"எழுதினதை எழுதலைன்னு சொல்ல எப்படி மேடம் வாய் வருது?" என்று தவமணி போனை வைத்துவிட்டாள்.

அரசி திரும்பக் கூப்பிட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மூன்றாம் முறை மணியே அடிக்கவில்லை. அந்தப் பெண் அவள் எண்ணை அடைத்துவிட்டாள். தான் தை மாதத்தில் செய்த அதே காரியம்.

பக்கத்து மேசையில் எபநேசர் போனைக் காதிலிருந்து எடுத்திருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். "மலைக்கு நேர்ல போணும்" என்றான். "எடுத்துச் சொன்னா கேப்பா. நானும் வாறேன்."

அரசி வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்படியே உட்கார்ந்து தன் போனில் அவன் எண்ணைத் தேடி அடைப்பை நீக்கினாள். வெறுப்பு முழுதாகப் போய்விடவில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று இப்போது தெரியவில்லை. ஏதாவது சாதாரணமாகக் கேட்க வேண்டும் போல இருந்தது. மனிதர்கள் கேட்டுக்கொள்கிற மாதிரி ஏதாவது.

"அம்மா எப்படி இருக்காங்க, எபி?"

எபநேசர் அவள் பக்கம் திரும்பினான்.

"பங்குனில அடக்கம் பண்ணியாச்சு. ஒனக்குத்தான் முதல்ல எழுதினேன். நாளைக்கு அடக்கம், அம்மை ஒன்னைக் கேட்டுட்டே இருந்தா, நீ வரணும்னு."

பங்குனியில் தன் திரையில் வந்த வரி அரசியின் நினைவில் ஓடியது. மார்த்தாண்டத்தில் நாளை பேசுகிறோம், விருப்பமிருந்தால் வரவும். "எனக்கு அப்படி வரல எபி. சத்தியமா வரல. அது வேற என்னமோ காட்டுச்சு."

"ஒனக்கு வந்ததை அது மாத்தியிருக்கும். இப்பம் தெரியுது. அடக்கம் முடிச்சு வந்துதான் ஒனக்க பதிலைப் படிச்சேன். அன்னைக்கு ஒக்காந்தவன், ராத்திரி பகலா வேலைதான். அந்தக் கோபத்துலதான் வார்ப்பைத் தூக்கணும்னு தீர்மானம் எழுதினேன்." போனை மேசையில் வைத்தான். "'என்னைக் கூப்பிடாதீர்கள். நான் வரமாட்டேன்.' அப்படித்தான் இருந்துது. அதுவும் மாத்தினதுதானே?"

நான் அப்படி எழுதவில்லை என்று சொல்ல அரசிக்கு வாய் வரை வந்தது. அவன் அதற்காகத்தான் காத்திருந்தான். ஆனால் அவள் எழுதியிருந்தாள். அதை மட்டும் இசைவு ஓர் எழுத்துகூட மாற்றாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது.